கல்யாணத்துக்கும் அதே பூ, சாவுக்கும் அதே பூ

போன ஆவணியில் எங்கள் அப்பா தவறிவிட்டார். எடுத்த மறுநாள் காலையில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தெருமுனை வரைக்கும் ரோஜா இதழ்கள். நசுங்கி, மண்ணோடு ஒட்டி, ஓரமெல்லாம் கறுத்துக் கிடந்தன. படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தங்கை மகள் (ஒன்பது வயது) கேட்டாள்: "மாமா, சித்தப்பா கல்யாணத்துலயும் இதே பூவைத்தானே போட்டாங்க? கல்யாணத்துக்கும் இதே பூ, தாத்தாவுக்கும் இதே பூவா? வேற பூவே இல்லையா?"

"அழகா இருக்குல்ல, அதான்" என்று ஏதோ சொல்லி வைத்தேன். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உண்மையில் எனக்கும் அது பதிலாகப் படவில்லை. செண்பகமும் அழகுதான், தாமரையும் அழகுதான். சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே பூவை எதற்காக எடுத்தார்கள்?

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. படித்தது பிஇ, பிழைப்பு மென்பொருள். ஆனால் ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டால் லேசில் விடமாட்டேன். இரவில் வீடு தூங்கிய பிறகு படித்துச் சேர்த்த குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ரோஜாவின் முழு வரலாறு அல்ல இது. அந்தச் சின்னப் பெண்ணின் கேள்விக்கு என்னால் முடிந்த பதில்.

முதலில் பெயர்

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை வரிசையாக அடுக்குகிறார். அதில் ரோஜா இல்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் ஒரு காட்டு ரோஜா இயற்கையாகவே வளர்கிறது, வெள்ளைப் பூ, ஐந்தே இதழ். ஆனாலும் நாம் மாலை கட்டுகிற ரோஜா அதிலிருந்து வந்ததில்லை. அதன் பெயரே வெளியூர்ச் சரக்கு. போர்ச்சுகீசியரின் 'ரோசா' நம் வாயில் ரோஜா ஆனது. அந்த ரோசா லத்தீனிலிருந்து வந்தது.

லத்தீனுக்கு எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் இந்தப் பூவுக்குப் பெயர் 'ரோதோன்'. பழைய வடிவில் முன்னால் ஒரு வகர ஒலி இருந்தது: 'வ்ரோதோன்'. பழைய ஈரானிய மொழிகளில் 'வர்த' என்பதுபோல ஒரு சொல் இருந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். அரபியில் 'வர்த்', ஆர்மேனியத்தில் 'வார்த்' என்று அது இன்றும் இருக்கிறது. அதே சொல் பாரசீகத்தில் பல நூற்றாண்டுகள் தேய்ந்து 'குல்' ஆனது. குல் என்றால் ரோஜா, ஆப் என்றால் தண்ணீர் (பஞ்சாபில் வருகிற அதே ஆப்). குல் ஆப், குலாப். ஆக ரோஜாவும் குலாப் ஜாமூனில் இருக்கும் குலும் காதில் விழும்போது ஒட்டே இல்லாத இரண்டு சொற்கள், ஆனால் பெரும்பாலும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். ஒன்று மேற்கே போய்க் கப்பலேறிச் சுற்றி வந்தது. இன்னொன்று நிலவழியாக வந்தது.

நாம் குலாப்புக்குத் தமிழிலேயே ஒரு பெயர் வைத்தோம்: பன்னீர். பனிநீர் என்பதுதான் பன்னீர் ஆயிற்று. மலையாளத்தில் இன்றைக்கும் பனிநீர் என்றே சொல்கிறார்கள். பன்னீர் பட்டர் மசாலாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அது வேறு பன்னீர்.

இந்தப் பெயர்க்கதையில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பூவுக்கு நிகராக அதன் தண்ணீரும் ஊர் ஊராகப் போயிருக்கிறது. இது பின்னால் வேண்டியிருக்கும்.

பிணத்துக்குப் பூசிய எண்ணெய்

கிரேக்கத்தில் பைலோஸ் என்ற இடத்தில் சுமார் 3200 வருஷத்துக்கு முந்தைய களிமண் பலகைகள் கிடைத்தன. அரண்மனைக் கணக்குப் பலகைகள், நம் பாஷையில் ஸ்டாக் ரெஜிஸ்டர். அவற்றில் ரோஜா வாசம் ஏற்றிய எண்ணெய் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. அந்த நாட்டு எழுத்தில் ரோஜா தலைகாட்டும் மிகப் பழைய இடங்களில் இதுவும் ஒன்று.

அடுத்து ஹோமரின் இலியட். டிராய் இளவரசன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலிஸ், ஆத்திரம் தீராமல் உடலைத் தேரில் கட்டி இழுக்கிறான். அப்போது அந்த உடல் கெடாமல் காப்பவள் யார் தெரியுமா? காதல் தெய்வம் அஃப்ரோதைத்தி. நாய்கள் நெருங்காமல் விரட்டிவிட்டு, ரோஜா எண்ணெய் பூசுகிறாள். ஒரே காட்சியில் காதலின் தெய்வம், ரோஜா, பிணம் மூன்றும் சேர்ந்து நிற்கின்றன. சாவு வீட்டில் ரோஜா என்பது பிற்காலத்தில் யாரோ கொண்டுவந்து சேர்த்த வழக்கம் என்று நினைத்திருந்தேன். இல்லை, ஆரம்பத்திலேயே இருந்திருக்கிறது.

அஃப்ரோதைத்தியின் காதலன் அடோனிஸ் கதையும் அப்படித்தான். அழகான இளைஞன், வேட்டைக்குப் போன இடத்தில் காட்டுப்பன்றி குத்திச் சாகிறான். ஒரு வடிவத்தில் அவன் ரத்தத்திலிருந்து ரோஜா முளைக்கிறது. இன்னொரு வடிவத்தில், அவனைக் காப்பாற்ற அவள் வெறுங்காலோடு ஓடுகிறாள், வெள்ளை ரோஜாவின் முள் குத்துகிறது, அவள் ரத்தம் பட்டு ரோஜா சிவப்பாகிறது. எந்த வடிவமானாலும், சிவப்பு ரோஜா பிறந்தது காதலன் செத்த நாளில்தான். பிப்ரவரி 14க்கு வாங்கிக் கொடுக்கும்போது இதை யாரும் சொல்வதில்லை!

கல்லறையில் எழுதி வைத்த ஆஸ்தி

ரோமானியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ரோசாலியா என்று ஒரு சடங்கு. பெரும்பாலும் மே மாதத்தில், ரோஜா பூக்கிற காலத்தில், செத்தவர்களின் கல்லறைக்குப் போய் ரோஜா வைத்து, அங்கேயே விருந்து சாப்பிடுவது. இத்தாலியின் வடபகுதியிலும் மாசிடோனியாவிலும் கிடைத்த கல்வெட்டுகளில், 'என் கல்லறைக்கு வருஷா வருஷம் ரோஜா வைக்க இவ்வளவு பணம்' என்று ஊர்ச் சங்கங்களுக்கு எழுதிவைத்த செய்திகள் இருக்கின்றன. நம் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடு விட்டுவைத்த மாதிரி. விளக்கு அணையக் கூடாது என்று நம்மாள் கவலைப்பட்டான், வருஷத்துக்கு ஒருதரமாவது பூ வர வேண்டும் என்று ரோமானியன் கவலைப்பட்டான்.

எகிப்தில் ஹவாரா என்ற இடத்தில் ரோமானியர் காலக் கல்லறைகளை 1888ல் ஃப்ளிண்டர்ஸ் பீட்ரி தோண்டியபோது ரோஜா மாலைகளே கிடைத்தன. காய்ந்து சுருங்கி, ஆனால் ரோஜா என்று அடையாளம் காணும் நிலையில் இருந்தன.

அதே ரோமில்தான் விருந்து மண்டபத்தில் முழங்கால் அளவு ரோஜா கொட்டிய கதைகளும் உண்டு. எலகபாலஸ் என்ற சக்கரவர்த்தி விருந்தாளிகள் மேல் கூரையிலிருந்து ரோஜா கொட்டி மூச்சுத் திணறவைத்துக் கொன்றான் என்று பலரும் எழுதுகிறார்கள். மூல நூலைத் தேடிப் பார்த்தேன். அதில் இருப்பது வயலெட் பூக்களும் மற்ற மலர்களும்தான், ரோஜா என்று பெயர் சொல்லவில்லை. ரோஜாவாக்கியது 1888ல் அல்மா-டடேமா வரைந்த ஓவியம். (அதே 1888! ஒருபக்கம் நிஜமான ரோமானிய ரோஜா மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தது, மறுபக்கம் கற்பனை ரோமானிய ரோஜா கான்வாஸில் ஏறியது.) அந்த நூலே பாதி கட்டுக்கதை என்பது வேறு விஷயம். ஆனால் ரோஜா பற்றிய கதைகள் எப்படி வளர்கின்றன என்பதற்கு நல்ல உதாரணம். வேறு பூ செய்த வேலைக்கும் ரோஜாவுக்குப் பேர் கிடைத்துவிடுகிறது.

எதிர்த்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்

ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பூ ஆகாது. தலையில் பூமுடி சூடுவது விக்கிரகங்களைக் கும்பிடுகிறவர்களின் பழக்கம் என்று தெர்த்துல்லியன் ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். ஆனால் எத்தனை நாளைக்கு? ஆதாம் ஏவாள் பாவம் செய்வதற்கு முன்பு ரோஜாவுக்கு முள் கிடையாது என்று 4-ஆம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸ் சொன்னார். அதிலிருந்து, பாவமறியாத மரியாள் முள்ளில்லாத ரோஜா ஆனாள். காமத் தெய்வத்தின் பூ, கன்னித் தாயின் பூவாக மாறிவிட்டது. ஜெபமாலைக்கு லத்தீனில் 'ரோசாரியம்' என்று பெயர், அதன் பொருள் ரோஜாத் தோட்டம்.

ரோசாலியாவும் சாகவில்லை. ருமேனியாவில் பெந்தெகொஸ்தே திருநாளுக்கு இன்றைக்கும் 'ருசாலி' என்று பெயர், ரோசாலியாவின் திரிபு. அந்தத் திருநாளில் ரோம் நகரத்துப் பாந்தியன் கோயிலின் உச்சித் துவாரத்திலிருந்து தீயணைப்பு வீரர்கள் ரோஜா இதழ்களைக் கொட்டுகிறார்கள். பாந்தியன் ரோமானியத் தெய்வங்களுக்காகக் கட்டியது. கட்டடமும் பூவும் அப்படியே இருக்க, சாமி மட்டும் மாறியிருக்கிறது.

ஐந்தாறு நாள் வாழ்வு

இப்போது ஈரானுக்குப் போவோம். பாரசீகக் கவிதையில் ரோஜாவும் புல்புல்லும் பிரிக்க முடியாத ஜோடி. இங்கே ஒரு திருத்தம்: பாரசீகப் புல்புல் நம் ஊர்க் கொண்டைக்குருவி இல்லை, அது நைட்டிங்கேல். ரோஜாவின் மேல் காதல் கொண்டு இரவெல்லாம் பாடும், ரோஜா கண்டுகொள்ளாது, பிறகு உதிர்ந்துவிடும். பறவை நெஞ்சில் முள் குத்தி, வெள்ளை ரோஜா சிவந்த கதையும் உண்டு. அஃப்ரோதைத்தி கதையின் அதே அச்சு. காதலன் ஏங்குகிறான், காதலி எட்டாத இடத்தில் இருக்கிறாள். சூஃபிகளுக்கு அந்தக் காதலி கடவுள்.

இது வெறும் கற்பனை என்று நினைத்திருந்தேன். பறவை நூல்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது. நைட்டிங்கேல் ஆண் பறவை இனப்பெருக்க காலத்தில், வசந்தத்தின் சில வாரங்களில்தான் அப்படி விடிய விடியப் பாடும். ஈரானில் ரோஜா பூப்பதும் அதே வாரங்களில். ரோஜா உதிர்கிறது, பாட்டு நிற்கிறது. தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு, பூ போன துக்கத்தில் பறவை வாயடைத்துவிட்டது என்றுதானே தோன்றும்?

ஷிராஸ் நகரத்து சாதி 1258ல் எழுதிய நூலின் பெயர் குலிஸ்தான், ரோஜாத் தோட்டம். முன்னுரையில் ஒரு சம்பவம் வருகிறது. தோட்டத்துக்குப் போன நண்பர் பூக்களை மடி நிறையப் பறித்துக்கொண்டு கிளம்புகிறார். இதெல்லாம் ஐந்தாறு நாளைக்குமேல் தாங்காது, வாடாத ஒரு தோட்டத்தை எழுதித் தருகிறேன் என்று சாதி சொல்ல, நண்பர் மடியை உதறிவிட்டு அவரைப் பிடித்துக்கொள்கிறார். அந்த 1258ல்தான் மங்கோலியர் பாக்தாத்தை அழித்தார்கள். எது நிலைக்கும், எது நிலைக்காது என்ற கேள்வி அந்த வருஷத்தில் கவிஞருக்கு மட்டும் வந்திருக்காது.

அப்போ என் ஊகம் என்ன?

இத்தனை கதைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரிகிறது. கிரேக்கர், ரோமானியர், பாரசீகர் பார்த்த ரோஜா, நம் பூக்கடையில் இருக்கிற ரோஜா இல்லை. அது வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். மூன்று நான்கு வாரம் செடி தெரியாமல் பூத்துக் குலுங்கும், ஊரே மணக்கும், பிறகு சட்டென்று எல்லாம் உதிரும். மறுபடி பார்க்க அடுத்த வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். 11 மாதம் முள், ஒரு மாதம் பூ.

காதலும் உயிரும் நமக்கு அப்படித்தானே? அடோனிஸ் இளமையில் சாகிறான். கல்லறை ரோஜாவும் வருஷத்துக்கு ஒருமுறைதான். ரோஜாவின் குறியீடுகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த நான்கு வாரக் கணக்கு என்பது என் ஊகம்.

ஊகம் சொல்வது சுலபம், சோதிப்பது எப்படி? வேலையில் ஒரு மாற்றம் உண்மையிலேயே பலன் தந்ததா என்று பார்க்க, அந்த மாற்றம் இல்லாத ஒன்றோடு ஒப்பிடுவோம். அதேபோல, ரோஜா வருஷம் பூராவும் பூத்த ஒரு பழைய நாகரிகம் வேண்டும். அங்கே ரோஜாவுக்கு என்ன அர்த்தம் என்று பார்த்தால் போதும்.

அப்படி ஒரு நாடு இருக்கிறது: சீனா.

சீனாவில் வேறு கதை

சீனத் தோட்டங்களில் வளர்ந்த ரோஜாவின் பெயர் 'யுவேஜி'. யுவே என்றால் மாதம், ஜி என்றால் பருவம். மாதாமாதம் பூப்பது என்பதாலேயே அந்தப் பெயர். இன்னொரு பெயர் 'சாங்சுன்', நீங்காத வசந்தம். பூச்சாடியில் யுவேஜியை வைத்து வரைந்தால் 'நான்கு பருவமும் அமைதி' என்று வாழ்த்து (சாடிக்கும் அமைதிக்கும் சீனத்தில் ஒரே ஒலி).

பார்த்தீர்களா? அங்கே ரோஜா என்றால் நீடித்திருப்பது, ஆயுசு, குறையாத வசந்தம். மேற்கே சொன்னதற்கு நேர் எதிர். சரி, சீனர்கள் எந்தப் பூவுக்காகப் பைத்தியமாகத் திரிந்தார்கள்? பியோனி. லுவோயாங் நகரத்தில் வசந்தத்தின் சில நாட்கள் மட்டும் பூக்கும். அந்த நாட்களில் பெரியவர் சிறியவர் பேதமில்லாமல் ஊரே பூப்பார்க்கக் கிளம்பியதை 11-ஆம் நூற்றாண்டில் ஓயாங் சியூ எழுதி வைத்திருக்கிறார். மேற்கே ரோஜா செய்த வேலையை அங்கே பியோனி செய்திருக்கிறது.

ஒரு பக்

யுவேஜி ஏன் மாதாமாதம் பூக்கிறது? இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் போனது.

சாதாரண ரோஜாவில் ஒரு மரபணு உண்டு, கேஎஸ்என் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அதன் வேலை பிரேக் போடுவது. வசந்தத்தில் பூத்து முடிந்ததும், 'போதும், இனி இலை விடு, அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று புதுத் தளிர்களைப் பூக்கவிடாமல் நிறுத்துவது அதுதான். சீன ரோஜாவில் எப்போதோ, தன்னைத்தானே நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும் டிஎன்ஏ துண்டு ஒன்று, சரியாக அந்த மரபணுவின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது. காப்பி பேஸ்ட்! மரபணு வேலை செய்யாமல் போனது. பிரேக் இல்லை, செடி பூத்துக்கொண்டே இருக்கிறது. 2012ல் வெளியான ஆய்வு இது. இயற்கையில் நடந்த ஒரு பக். யாரோ ஒரு தோட்டக்காரர் 'இந்தச் செடி நிறுத்தாமல் பூக்கிறதே' என்று கவனித்து, அதைப் பாதுகாத்து வளர்த்திருக்க வேண்டும். பக் அம்சமாகிவிட்டது. எங்கள் தொழிலில் இது அடிக்கடி நடக்கும்.

1790களிலிருந்து இந்தச் சீன ரோஜாக்கள் கப்பலேறி ஐரோப்பா போயின. சில கல்கத்தா வழியாகப் போனதால் பிரெஞ்சுக்காரர்கள் பெங்கால் ரோஜா என்று பெயர் வைத்தார்கள். அங்கேயிருந்த ரோஜாக்களோடு கலந்தார்கள். 1867ல் லியோன் நகரத்துக் கியோ வெளியிட்ட 'லா ஃபிரான்ஸ்' என்ற ரோஜாவைத்தான் நவீன ரோஜாவின் தொடக்கமாக எல்லோரும் குறிக்கிறார்கள். நீளக் காம்பு, கூர் மொட்டு, வருஷம் பூராவும் பூ. இன்று ஓசூரிலிருந்து காதலர் தினத்துக்கு விமானம் ஏறும் 'தாஜ்மஹால்' ரோஜா வரைக்கும் அந்த வம்சம்தான்.

ஆக, நாம் கையில் வைத்திருக்கும் பூ சீன வழி வந்தது, அதற்கு நாம் சொல்லும் அர்த்தம் மேற்கே பிறந்தது. ஒரு நிரலில் ஏதோ காரணத்துக்காக ஒருவர் குறிப்பு எழுதியிருப்பார், பிறகு நிரல் மாறிவிடும், குறிப்பு மட்டும் அப்படியே நிற்கும். ரோஜாவின் கவிதைகள் பலவும் இப்போது அந்த நிலையில்தான் இருக்கின்றன.

என் ஊகத்துக்கு ஒத்துவராதவை

நேர்மையாகச் சொல்ல வேண்டும், எல்லாம் இதற்குள் அடங்கவில்லை.

முதலாவது, ரோமானியர்களுக்கே வருஷத்தில் இருமுறை பூக்கும் ரோஜா தெரியும். பைஸ்டம் என்ற ஊர் அதற்குப் பேர் போனது, வர்ஜில் குறிப்பிடுகிறார். ஆனால் அதை ஒரு அதிசயமாகத்தான் பேசினார்கள். குளிர்காலத்தில் ரோஜா தேடுகிறவர்களை இயற்கைக்கு விரோதமானவர்கள் என்று செனெகா திட்டினார். பருவம் தப்பிய ரோஜா ஊதாரித்தனத்தின் அடையாளமாக இருந்திருக்கிறது.

இரண்டாவது, ரகசியம். லத்தீனில் 'சுப் ரோசா' என்றால் ரோஜாவுக்கு அடியில், அதாவது வெளியே சொல்லக் கூடாதது. அம்மாவின் கள்ளக்காதல் வெளியே தெரியாமலிருக்க, மன்மதன் மௌனத் தெய்வம் ஹார்போகிராட்டஸுக்கு ரோஜாவை லஞ்சமாகக் கொடுத்தானாம். வேடிக்கை என்னவென்றால், ஹார்போகிராட்டஸ் மௌனத் தெய்வமே இல்லை. எகிப்தின் குழந்தை ஹோரஸ் அவன். வாயில் விரல் வைத்திருப்பது 'குழந்தை' என்று காட்டுவதற்கு. பார்த்த கிரேக்க, ரோமானியர்கள் 'உஷ், பேசாதே' என்று புரிந்துகொண்டுவிட்டார்கள். இந்தக் குறியீட்டுக்கும் உதிர்வதற்கும் சம்பந்தம் இல்லை. தப்பாகப் புரிந்துகொண்டதிலிருந்தும் ஒரு தொன்மம் பிறந்து, நூற்றாண்டுக் கணக்கில் வாழ முடியும் என்பதற்கு இது சாட்சி.

மூன்றாவதுதான் முக்கியமானது. உதிர்வது மட்டுமே காரணமென்றால் வேறு எத்தனையோ பூக்கள் இன்னும் வேகமாக உதிர்கின்றன. ஏன் ரோஜா?

தண்ணீரில் மிஞ்சுவது

இங்கேதான் முதலில் குறித்துக்கொள்ளச் சொன்ன குலாப் வருகிறது. ரோஜா உதிர்ந்தாலும் அதன் வாசத்தைப் பிடித்து வைக்கலாம். பைலோஸ் எண்ணெயிலிருந்தே அது தெரிகிறது. வாலை வடிப்பதை இபின் சீனா கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள், ஆனால் அவருக்கு முன்பே 9-ஆம் நூற்றாண்டு அல்-கிந்தியின் வாசனைத் திரவிய நூலில் வடிக்கும் முறைகள் இருக்கின்றன. ஈரானில் காஷான் பக்கத்தில் கம்சார் என்ற ஊரில் இன்றும் மே மாதம் ரோஜா பறித்துப் பன்னீர் காய்ச்சுவது பெரிய திருவிழா. வெயில் ஏறினால் வாசம் பறந்துவிடும், அதனால் விடியலில் பறிக்கிறார்கள். பல்கேரியாவின் கசன்லக் பள்ளத்தாக்கில் ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க 3000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். நம் பக்கத்தில், நூர்ஜஹானின் அம்மா பன்னீர் காய்ச்சும்போது மேலே மிதந்த எண்ணெயைத் தனியே எடுத்ததைப் பற்றி ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்.

ஒரு மாதம் பூத்துப் போய்விடும் பூ, குப்பிக்குள் வருஷம் பூராவும் மணக்கிறது. ஆள் போன பிறகும் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. கல்யாணத்தில் வருகிறவர்கள் மேல் தெளிப்பதும் அதைத்தான், கடைசியில் உடம்பின் மேல் தெளிப்பதும் அதைத்தான். உதிர்வதையும் மிஞ்சுவதையும் சேர்த்தே காட்டும் பூ வேறு எனக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு சங்கடம், இன்றைய வெட்டுப்பூ ரோஜாக்களில் பலவற்றுக்கு வாசமே கிடையாது. நிறம், நீளக் காம்பு, பெட்டியில் நாள் கணக்கில் தாங்குவது, இவற்றுக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் வாசம் தொலைந்துபோனது. ரோஜா வாசத்தின் முக்கியப் பொருள்களில் ஒன்றை உருவாக்குவதில் நுடிக்ஸ் குடும்பத்து நொதி ஒன்றுக்குப் பங்கு இருப்பதை 2015ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மணமுள்ள ஒரு சிவப்பு ரோஜாவையும் மணமில்லாத ஒரு சிவப்பு ரோஜாவையும் ஒப்பிட்டதில், மணமில்லாததில் அந்த மரபணு கிட்டத்தட்ட ஓய்ந்து கிடந்தது. ஆக, உதிரவும் மாட்டேன், மணக்கவும் மாட்டேன் என்கிற ஒரு பூவைத்தான் நாம் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அம்மாவின் தொட்டி

அப்பாவின் வருஷாப்தத்துக்கு முன்னால் ஒருநாள், கடையிலிருந்து நீளக் காம்பு சிவப்பு ரோஜாக்கள் ஒரு கட்டு வாங்கிவந்து அவர் படத்துக்கு முன்னால் வைத்தேன். அம்மா முகர்ந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஆறு நாள் அப்படியே இருந்தது. ஏழாவது நாள் தலை தொங்கியது, ஆனால் ஒரு இதழ்கூடக் கீழே விழவில்லை. "என்னடா பூ இது, உதிரவே மாட்டேங்குது" என்றாள்.

மறுநாளிலிருந்து பழையபடி, மொட்டைமாடித் தொட்டியில் இருக்கிற பன்னீர் ரோஜாவில் ஒன்றைப் பறித்து வைக்கிறாள். வெளிறிய ரோஸ் நிறம், குட்டைக் காம்பு. காலையில் வைத்தால் கூடமே மணக்கும், சாயங்காலம் படத்துக்கடியில் இதழெல்லாம் சிதறிக் கிடக்கும். அவற்றைக் கூட்டிப் பெருக்க மாட்டாள். ஒரு பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அதில் போட்டு வைப்பாள்.

அந்த ரகத்தைப் பற்றியும் தேடினேன். தோட்டக்கலைக்காரர்கள் எட்வர்ட் ரோஜா என்று சொல்வது, போர்பன் வகையைச் சேர்ந்தது. போர்பன் என்பது இந்துமகா சமுத்திரத்தில் இருக்கும் ரீயூனியன் தீவின் பழைய பெயர். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் வேலியாக நட்டிருந்த இரண்டு ரோஜாக்கள், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தானாகவே கலந்து பிறந்தது அந்த வகை. ஒன்று பன்னீருக்குப் பேர்போன டமாஸ்க் வழி வந்தது. இன்னொன்று சீனத்து மாதாந்திர ரோஜா. ஒன்றின் வாசம், இன்னொன்றின் ஓயாத பூ, இரண்டும் அம்மாவின் தொட்டியில் இருக்கின்றன.

தங்கை மகள் லீவுக்கு வந்தபோது, "அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டியே" என்று ஆரம்பித்தேன். அஃப்ரோதைத்தி, அடோனிஸ், யுவேஜி எல்லாம் சொல்லிக்கொண்டே போனதில் பாதியிலேயே அவளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. எழுந்துபோய் அந்தப் பித்தளைக் கிண்ணத்துக்குள் விரலை விட்டு, முகர்ந்து பார்த்தாள். "இன்னும் வாசம் வருது மாமா" என்றாள்.

நான் மேலே எழுதிய அத்தனைக்கும் சுருக்கம் அதுதான்.